டோக்கியோவில் உருது கற்பித்த போபால் மௌலவி

ஜப்பானில் இந்தியர்கள் என்றதும் கணினி வேலைக்குப் போனவர்கள்தான் இன்று நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருகிறார்கள். வரலாறு படித்தவர்கள் ராஷ் பிஹாரி போஸைச் சொல்வார்கள். அவர் 1915இல் அங்கு போய்ச் சேருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே டோக்கியோவில் குடியேறியவர் மௌலவி பரகத்துல்லாஹ் போபாலி (ரஹ்). நாம் வாழும் ஜவ்வாது மலை அடிவாரத்தில் உருது பேசும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்த ஆலிமின் பெயரைச் சொன்னால் யார் என்றுதான் கேட்கிறார்கள்.

1854இல் போபாலில் பிறந்தவர். அரபு, பார்சி, உருது கற்றுத் தேர்ந்த பிறகே ஆங்கிலம் படித்தார். லண்டன், லிவர்பூல், நியூயார்க் என்று ஊர் ஊராக வாழ்ந்துவிட்டு, 1909இல் டோக்கியோ அயல்மொழிப் பள்ளியில் இந்துஸ்தானி பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55.

1905இல் ரஷ்யாவை வென்ற ஜப்பானை ஆசியாவே வியந்து பார்த்த காலம் அது. ஆனால் அதே ஜப்பான் 1902 முதல் பிரிட்டனின் கூட்டாளியாகவும் இருந்தது. யோகோஹாமாவிலும் கோபேயிலும் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் பட்டு, துணி வியாபாரிகள். பிழைக்கப் போன இடத்தில் அவர்கள் வம்புக்குப் போகாததை நாம் குறை சொல்ல முடியாது. மௌலவிக்கும் சம்பளம் இருந்தது. பாடம் நடத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. 'இஸ்லாமிக் ஃபிரட்டர்னிட்டி' என்ற ஆங்கில இதழை டோக்கியோவிலிருந்து நடத்தினார். மார்க்கத்தை எடுத்துச் சொன்ன அந்த இதழ் ஆங்கிலேய ஆட்சியையும் தாக்கியது. ஹதானோ என்ற ஜப்பானியர் அவர் மூலம் இஸ்லாத்தைத் தழுவி ஹசன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அவருடைய மனைவியும் மாமனாரும் கூடவே வந்தார்கள். ஒரு மொழி ஆசிரியர் தன் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது!

பிரிட்டன் ஜப்பானை நெருக்கியது. 1912இல் இதழ் நின்றது. 1914இல் வேலையும் போனது. அறுபது வயதில், அந்நிய நாட்டில், வருமானம் இல்லை. பேசாமல் இருந்தால் போபாலுக்குத் திரும்பி நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவரோ அமெரிக்கா சென்று கதர் இயக்கத்தில் சேர்ந்தார். 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் ராஜா மகேந்திர பிரதாப் தலைவர், இவர் பிரதமர்.

அவர் விட்டுவந்த ஜப்பானில், 1935இல் கோபே நகரில் பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு வாரி வழங்கியவர்களில் அங்கிருந்த இந்திய வியாபாரிகளும் உண்டு. 1945 குண்டுவீச்சையும் 1995 நிலநடுக்கத்தையும் தாங்கி அது இன்றும் நிற்கிறது.

மௌலவி அதைப் பார்க்கவில்லை. 1927 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வஃபாத்தானார். போபால் பல்கலைக்கழகத்துக்கு 1988இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். கப்ரு கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இருக்கிறது.