தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

மார்கழிக் குளிரில் பெங்களூர் நகரம் அடங்கியிருக்கும் இரவுகளில், சிவாஜி நகர், அல்சூர் முதலிய பகுதிகளின் தெருக்களில் திடீரெனப் பாட்டொலி எழுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். கிறிஸ்துமஸ் திருநாளுக்கு முந்திய நாட்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குழுவாக வீடுதோறும் சென்று பாடும் வழக்கம் அது.

அவர்கள் சென்று நிற்கும் வீடுகளில் காணப்படும் அலங்காரங்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. குடில் அமைக்கும் வழக்கத்தை இத்தாலி நாட்டு அசிசி நகரத்துப் பிரான்சிஸ், 1223-ஆம் ஆண்டு கிரெச்சியோ என்னும் ஊரில் தொடங்கினார் என்பர். அன்று அவர் வைத்தவை பொம்மைகள் அல்ல. உயிருள்ள எருதும் கழுதையும் வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியுமே. விளக்கேற்றிய மரம் செருமனி நாட்டு வழக்கம். ஆனால் பாடுவோர் ஆங்கில மெட்டுகளை விட்டுத் தாளமிட்டுப் பல்லவி, அனுபல்லவி, சரணம் எனப் பாடத் தொடங்கினால், அந்த மரபின் வேரைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அது காவிரிக் கரையில் தழைத்தது. அதனைத் தழைக்கச் செய்தவருள் தலையாயவர் வேதநாயகம் சாஸ்திரியார்.

இவர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் பெயர் தேவசகாயம். செருமானியக் குருவான சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். அவரிடம் பயின்ற மற்றொரு மாணவர் தஞ்சை இளவரசர் சரபோஜி. பிற்காலத்தில் ஒருவர் அரியணை ஏறினார். மற்றவர் ஆசிரியராகவும் கவிஞராகவும் விளங்கினார். சமயம் வேறாயினும் அவர்களது நட்பு நீடித்தது. மன்னர் சாஸ்திரியாரைத் தம் அவைப் புலவருள் ஒருவராக மதித்துப் போற்றினார்.

அக்காலத் தஞ்சை நாடு இசையில் திளைத்திருந்தது. திருவையாற்றில் தியாகராசர் பாடிக் கொண்டிருந்தார். கோயில்களிலும் அரண்மனையிலும் குறவஞ்சி நாடகங்கள் ஆடப்பட்டன. தலைவன் உலா வருவான். தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள். குறத்தி அவள் கை பார்த்துக் குறி சொல்வாள். குறத்தியைத் தேடிப் பறவை பிடிக்கும் சிங்கன் வருவான். மக்கள் அனைவரும் அறிந்து சுவைத்த கதையமைப்பு இது. இதனையே சாஸ்திரியார் தம் சமயப் பொருளுக்குக் கருவியாக்கினார்.

அவ்வாறு அவர் இயற்றிய நூலே பெத்லகேம் குறவஞ்சி. கிறிஸ்து பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய இந்நூலில் தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசமாக உருவகிக்கப்படுகிறாள். சிங்கன் விரிக்கும் வலை அருளுரை. அதில் அகப்படும் பறவைகள் மக்கள். இத்தனையும் போதாதென்று, சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் முறையையும் புலவர் பாட்டில் அமைத்துவிட்டார்! சுவார்ட்ஸ் ஐயரின் பள்ளியில் கற்ற புதிய வானநூலும் திருநெல்வேலிச் சீமையிலும் தஞ்சையிலும் கேட்ட பழைய மெட்டும் ஒரே நூலில் கைகோத்து நிற்பதைத் தமிழில் வேறெங்கும் எளிதில் காண இயலாது. உழவர் கிணற்றில் நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டின் வடிவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஞான ஏற்றப்பாட்டு என்றொரு நூல் செய்தார்.

இவ்வளவு சிறந்த பணிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? அவருடைய சொந்தச் சபையிலிருந்தே வந்தது. சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்தார். அவர் தலைமுறைக்குப் பின் வந்த இளைய குருமார்கள், தமிழ் வழக்கங்கள் பலவற்றைக் களைய முற்பட்டனர். திருநாட்களில் மலர் சூட்டுதல் கூடாது. ஆலயத்தில் தமிழ்ப் பண்ணில் பாடுதல் கூடாது. பழகிய வேதாகம மொழிபெயர்ப்பும் மாற வேண்டும். சாஸ்திரியார் இவற்றையெல்லாம் கொடுமைகள் எனக் கண்டித்து எழுதினார். மலரையும் பாட்டையும் நீக்கிவிட்டால் திருநாள் மக்களுக்கு அயலாகிவிடும் என்பது அவர் கருத்து. அதனால் விளைந்த இடர்களை ஏற்றாரே தவிர, பாடுவதை நிறுத்தவில்லை.

அவருடைய முறையீட்டில் இன்னொன்றும் இருந்தது. ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் வேறுபாடின்றி அமர வேண்டும் என்று குருமார்கள் கூறியதையும் அவர் எதிர்த்தார். மலருக்கும் இசைக்கும் வாதாடியபோது நியாயம் அவர் பக்கம் இருந்தது. இதில் அது குருமார்கள் பக்கமே இருந்தது. பெரியோர் வரலாற்றைக் கற்போர் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். சாதி வேறுபாட்டை மரபின் ஒரு பகுதி என்று எண்ணியது அவருடைய காலத்தின் குறை மட்டுமன்று; அவருடைய குறையுமாகும்.

இசையைப் பற்றிய வழக்கில் காலம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதனைக் காண அவர் உயிரோடும் இருந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கக் குரு எட்வர்டு வெப், தமிழ்க் கீர்த்தனைகளின் ஆற்றலை உணர்ந்து, அவற்றைத் திரட்டி 1853-இல் நூலாக வெளியிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் சிறப்பிடம் பெற்றன. அதுவரை வாய்மொழியாலும் ஓலையாலும் பரவிய பாடல்கள் அச்சேறி ஊர் ஊராகச் சென்றன. ஆலயத்துக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்ட பண்களை வழிபாட்டு நூலாகத் தொகுத்தவரும் ஒரு வெளிநாட்டுக் குருவே என்பது வியப்பன்றோ?

1864-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் சாஸ்திரியார் மறைந்தார். அவர் வழிவந்தோர் அவருடைய பாடல்களைத் தொடர்ந்து பாடிவந்தனர்.

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரின் படைத்தளம் அமைந்தது. தண்டு என மக்கள் அழைத்த அப்பகுதியில் சென்னை மாகாணப் படையினரும், அவர்களைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களும் குடியேறினர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். தமிழ்ப் பாட்டையும் அவர்கள் தங்களுடன் வளர்த்தனர். இன்றும் அந்நகரின் தமிழ் ஆலயங்களில் டிசம்பர் மாதம் வந்துவிட்டால் கீர்த்தனைப் புத்தகத்தின் பிறப்புத் திருநாள் பகுதி திறக்கப்படுகிறது. குழந்தைகள் கைத்தாளம் தட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.