எல்.ஐ.சி கட்டடத்தைத் தொடங்கிவைத்த சிதம்பரம் செட்டியார்: அவர் வாழ்க்கை சொல்லும் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' பாடம்

திருத்தங்கல், சிவகாசி பக்கம் பட்டாசு ஆலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. சின்னச் சின்ன அறைகள், நடுவில் இடைவெளி. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

காப்பீட்டு நிறுவனங்கள் செய்யும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் இதே கணக்குதான். பெருவெள்ளம், தொற்றுநோய், பங்குச்சந்தைச் சரிவு என ஒரு மோசமான சூழலைக் கற்பனை செய்து, அதற்குப் பிறகும் பாலிசிதாரர்களுக்குக் கொடுக்கப் பணம் மிஞ்சுமா என்று பார்ப்பது. இதைப் புரிந்துகொள்ள எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

யார் இவர்?

1908-ல் கானாடுகாத்தான் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். அன்று நகரத்தார் பணத்தின் பெரும்பகுதி பர்மா நெல்வயல்களில் கடனாக இருந்தது. 1930-களில் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி நகரத்தாரிடம்! கேட்க லாபம் மாதிரி இருக்கும். ஆனால் கடன், அடமானம் இரண்டுமே ஒரே நெல்லை நம்பி இருந்தன.

பரவலாக்கியும் பலன் பாதிதான்

1937 பிப்ரவரி 10-ல் சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என ஒரே நாளில் 3 கிளைகள். அடுத்து பினாங்கு.

ஒரே ஊரை நம்பாத நல்ல திட்டம்தான். ஆனால் 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 மார்ச்சில் ரங்கூனும் ஜப்பான் படையிடம் விழுந்தன. நாடு வேறு, அடி ஒன்று. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை வடிவமைப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்: தனித்தனியாகத் தெரியும் எவையெல்லாம் ஒரே அடியில் சேர்ந்து விழும்? காரைக்குடியும் சென்னையும் அந்த அடியில் விழவில்லை. வங்கியும் தப்பியது.

தலைவரே இல்லாவிட்டால்?

வங்கியோடு யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் குழுமத்தையும் அவர் வளர்த்தார். அதற்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் 1953-ல் ஓர் உயரமான கட்டடத்தைத் தொடங்கினார். 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் விபத்துக்குள்ளாகி 33 பேர் இறந்தனர். அவர்களில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45.

1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. 245 நிறுவனங்கள் எல்.ஐ.சி-யில் இணைந்தன. 1959-ல் அந்தக் கட்டடம் எல்.ஐ.சி பெயரில் திறக்கப்பட்டது.

போர், விபத்து, சட்ட மாற்றம். 15 ஆண்டுகளுக்குள் மூன்றும் வந்தன. எதற்கும் முன்னறிவிப்பு நாள் கிடையாது.

இன்று என்ன நடக்கிறது?

இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் குறைந்தபட்சம் 150% சால்வென்சி விகிதம் வைத்திருக்க வேண்டும். அதாவது, விதிப்படி தேவைப்படும் மூலதனம் 100 ரூபாய் என்றால் கையில் 150 ரூபாய். மோசமான சூழலில் இது எவ்வளவு குறையும் என்பதைத்தான் சோதனை காட்டும். தலைகீழ் முறையும் உண்டு: நிறுவனம் மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு, எது மூழ்கடித்திருக்கும் என்று பின்னோக்கித் தேடுவது.

பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீங்க. நிறுவனத்தின் இணையதளத்தில் 'பொது வெளியீடுகள்' பகுதியில் சால்வென்சி விகிதம் இருக்கும். அதையும் ஒருமுறை பாருங்க.