மூளை ஆபரேஷன் மேதை டாக்டர் குஷிங்

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அது கெட்டால் உடம்பே கெடும். அதன் நோய்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர் டாக்டர் ஹார்வி குஷிங்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1869-ம் ஆண்டு, டாக்டர்கள் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் மூளை ஆபரேஷனில் பிழைத்தவர்கள் சிலரே. குஷிங் அவசரப்படாமல், ரத்தப் பெருக்கை அடக்கி, மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்தார். மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கு வழியே சென்று, 1910 முதல் 1925 வரை 231 பேருக்குப் பிட்யூட்டரி கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்தார். இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு.

பிழைத்தவர் கணக்கோடு இறந்தவர் கணக்கையும் மறைக்காமல் வெளியிட்டார். வீடு திரும்பியவர்களுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதி உடல்நிலையை விசாரித்தார்.

முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, ரத்த அழுத்தம் ஏறும் ஒரு நோய்க்குப் பிட்யூட்டரியில் உண்டாகும் சிறு கட்டியே காரணம் என்று 1932-ல் 12 நோயாளிகளின் விவரங்களுடன் எழுதினார். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பிற்காலத்தில் மூக்கு வழியை விட்டு, மண்டையைத் திறக்கும் முறைக்கு மாறினார் குஷிங். 1939-ல் காலமானார். 1960-களில் மான்ட்ரியால் டாக்டர் ஜூல்ஸ் ஹார்டி, மைக்ராஸ்கோப் துணையுடன் மூக்கு வழி ஆபரேஷனுக்குப் புத்துயிர் அளித்தார். குஷிங் நோய்க்கு இன்று முதல் சிகிச்சை அதுவே. கட்டி சிறிதாக இருந்தால், கைதேர்ந்த டாக்டரிடம் ஏறக்குறைய நான்கில் மூவர் குணமடைகின்றனர். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்புவதுண்டு. ஆகவே, ஆண்டுதோறும் விசாரிக்கும் குஷிங்கின் வழக்கம் இன்றும் தேவைப்படுகிறது.