டாப் ஆன்சருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர்

ராத்திரி 2 மணி. காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ. கோட் ஓடல. எரர் மெசேஜை அப்படியே காப்பி பண்ணி கூகுள்ல போடுறீங்க. ஒரு கேள்வி-பதில் தளம் திறக்குது. பத்துப் பதில் இருக்கு. எதைப் படிப்பீங்க?

முதல் பதிலைத்தான். பக்கத்துல 400 ஓட்டுன்னு போட்டிருக்கே! கீழே 3 ஓட்டோட இருக்கிற பதில் வரைக்கும் ஸ்க்ரோல் பண்ண நம்ம யாருக்கும் பொறுமை கிடையாது.

நிறைய பேர் சரின்னு சொன்னா அது சரியாத்தான் இருக்கும் என்பது நம்ம நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கு. அதைப் போட்டவர் இறந்து 230 வருஷம் ஆகுது. கம்ப்யூட்டரை விடுங்க, கரண்ட் பல்பைக் கூடப் பார்க்காத மனிதர். அவர் பெயர் கோந்தோர்செ. இந்த இதழ்ல அவர் கதையைச் சொல்றேன். கணக்கை விட அந்தக் கதை பெருசு.

1743 செப்டம்பர் 17ஆம் தேதி, வடக்கு பிரான்சில் ரிப்மோன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா குதிரைப்படை அதிகாரி. மகன் பிறந்த சில வாரங்களிலேயே இறந்துவிட்டார். அம்மாவுக்குப் பக்தியும் அதிகம், பயமும் அதிகம். எட்டு வயது வரை மகனுக்கு வெள்ளைப் பாவாடை போட்டே வளர்த்தார் என்று சொல்வார்கள். கூச்சம் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை. கூட்டத்தில் பேசுவதென்றால் குரல் எழும்பாது. பேனா பிடித்தால் வேறு ஆள்.

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல டி'அலம்பர்ட் தத்துவம் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அதே டி'அலம்பர்ட்தான் இந்தப் பையனைக் கண்டுபிடித்து வளர்த்துவிட்டார். 1765ல், 22 வயதுக்குள், இன்டெக்ரல் கால்குலஸ் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார் கோந்தோர்செ. 1769ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் உறுப்பினர். பிறகு அதன் செயலாளர். அரசாங்க நாணயச் சாலைக்கும் அதிகாரியானார். நம்ம வயசுல இன்டெக்ரல் நூல். நாம அரியர் க்ளியர் பண்ணிட்டு இருக்கோம், பரவாயில்லை.

1785ல்தான் நமக்கு வேண்டிய புத்தகம் வந்தது. பெரும்பான்மை ஓட்டில் எடுக்கும் முடிவு எவ்வளவு நம்பகமானது என்று ப்ராபபிலிட்டியை வைத்து அதில் ஆராய்ந்தார். இன்று ஜூரி தேற்றம் என்று அழைக்கப்படுவது அதில் இருந்து வந்ததுதான்.

விஷயம் சிம்பிள். ஒரு கேள்விக்குச் சரி, தப்பு என இரண்டே விடை. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தரை மட்டும் கேட்டால் 60. மூன்று பேரைக் கேட்டு மெஜாரிட்டியை எடுத்தால் 64.8. நூற்றியொரு பேரைக் கேட்டால் சுமார் 98! ஆளுக்கு ஆள் சாதாரண அறிவுதான், ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட தப்பே நடக்காது. 400 ஓட்டு வாங்கிய பதிலை நாம் நம்புவதற்கு அடிப்படை இதுதான்.

இப்போ 60ஐ எடுத்துட்டு 40 போட்டுப் பாருங்க. கணக்கு அப்படியே தலைகீழ். மூன்று பேர் என்றால் 35.2. நூற்றியொரு பேர் என்றால் சரியான முடிவு வர வாய்ப்பு வெறும் 2 சதவீதம். அதாவது பாதிக்கும் கீழே தெரிந்தவர்கள் கூடக்கூட, தப்பு இன்னும் உறுதியாகிக்கொண்டே போகும். இன்னொரு நிபந்தனையும் இருக்கு. ஒவ்வொருவரும் தானாக யோசித்து ஓட்டுப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் போட்டால் நூறு ஓட்டும் ஒரு ஓட்டுதான்.

அதே புத்தகத்தில் இன்னொரு சிக்கலையும் காட்டினார். ஒரு கேள்விக்கு மூன்று பதில்கள். 'அ' ரொம்பச் சின்ன கோட், 'ஆ' வேகமா ஓடுற கோட், 'இ' படிச்சா புரியுற கோட். முதல் ஆளுக்கு அ, ஆ, இ என்ற வரிசையில் பிடிக்கும். இரண்டாம் ஆளுக்கு ஆ, இ, அ. மூன்றாம் ஆளுக்கு இ, அ, ஆ. இரண்டிரண்டாக மோதவிட்டால் அ, ஆவை ஜெயிக்கும். ஆ, இயை ஜெயிக்கும். அப்போ அ, இயை ஜெயிக்கணும் இல்லையா? இல்லை, இ தான் அவை ஜெயிக்கிறது, 2க்கு 1. நீங்களே எண்ணிப் பாருங்க. மூன்று பேருமே தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கூட்டம்தான் வட்டமடிக்கிறது. இதற்கு கோந்தோர்செ முரண் என்று பெயர். 1951ல் கென்னத் ஆரோ நிரூபித்த புகழ்பெற்ற தேற்றத்துக்கும் இதுதான் வேர். தனித்தனி விருப்பங்களை ஒரே வரிசையாக மாற்ற முழுக்க நியாயமான வழி எதுவுமே இல்லை என்பதுதான் அந்தத் தேற்றத்தின் சாரம்.

1786ல் சோஃபியைத் திருமணம் செய்தார். நாணயச் சாலையில் இருந்த அவர்கள் வீட்டில் பாரிசின் அறிவாளிகள் கூடுவார்கள். அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதினார். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1790லேயே எழுதினார்.

1789ல் புரட்சி வெடித்தது. ஓட்டைப் பற்றிப் பேப்பரில் கணக்குப் போட்டவர், ஓட்டுப் போடும் சபைக்கே 1791ல் உறுப்பினராகப் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது கல்வியை. 1792 ஏப்ரல் 20ஆம் தேதி, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்ற திட்டத்தைச் சபையில் படிக்க ஆரம்பித்தார். ஏன் கல்வி? அவர் கணக்கைத் திரும்பப் பாருங்க. ஓட்டு வேலை செய்யணும்னா ஒவ்வொருத்தரும் பாதிக்கு மேல இருக்கணும். 40ஐ 60 ஆக்க வேற வழி என்ன இருக்கு? ஆனால் அதே நாளில்தான் சபை ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. அந்தச் சத்தத்தில் கல்வித் திட்டத்தை யாரும் கவனிக்கவில்லை.

1793 ஜனவரி. மன்னர் 16ஆம் லூயிக்கு என்ன தண்டனை என்று ஓட்டெடுப்பு. ரகசிய ஓட்டு இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் மேடை ஏறி, எல்லாருக்கும் கேட்கும்படி தன் முடிவைச் சொல்ல வேண்டும். மேலே கேலரியில் கூட்டம். எதற்குமே மரண தண்டனை கூடாது என்பது கோந்தோர்செயின் கொள்கை. மன்னர் குற்றவாளிதான், ஆனால் மரணம் வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு இறங்கினார். பெரும்பான்மை மரணம் என்றது.

அடுத்து அவர் எழுதிய அரசியலமைப்பு வரைவைச் சபை ஓரங்கட்டியது. எதிரணியினர் அவசரமாக வேறொன்றை நிறைவேற்றினார்கள். அதைக் கண்டித்து எழுதினார். ஜூலை மாதம் அவரைக் கைது செய்ய உத்தரவு வந்தது. பெரும்பான்மையைப் பற்றிப் புத்தகம் எழுதியவரைப் பெரும்பான்மையே துரத்தியது.

பாரிசில் வெர்னே என்ற விதவைப் பெண்மணி தன் வீட்டில் அவரை ஒளித்து வைத்தார். கண்டுபிடித்தால் அந்த அம்மாவின் தலையும் போகும். இவர் கிளம்புகிறேன் என்றார். அந்த அம்மா விடவில்லை, அவர் நழுவிவிடாமல் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதத்துக்கு மேல் அந்த அறையில், தன் நூலகம் பக்கத்தில் இல்லாமல், மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன்னைத் தேடிக்கொண்டிருந்த அதே மனிதர்கள் ஒரு நாள் நன்றாக யோசிக்கப் பழகுவார்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு வரி கூடப் புலம்பல் இல்லை.

1794 மார்ச் 25 அன்று, அந்த அம்மாவுக்கு ஆபத்து வேண்டாமென்று அவருக்குத் தெரியாமல் வெளியேறினார். பழைய நண்பர் வீட்டில் தங்க இடம் கிடைக்கவில்லை. கிளமார் ஊர்ச் சத்திரம் ஒன்றில் சந்தேகப்பட்டுப் பிடித்தார்கள். இரண்டு நாளில் சிறை அறையில் பிணமாகக் கிடந்தார். விஷமா, உடல் சோர்வா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. வயது 50. 1795ல், அவரைத் துரத்திய அதே சபை, அவர் நூலை 3,000 பிரதிகள் வாங்கிப் பரப்பியது. 1989ல் பாரிசின் பாந்தியன் நினைவிடத்தில் மரியாதை செய்தார்கள். பெட்டிக்குள் உடல் இல்லை. புதைத்த இடமே தொலைந்து போயிருந்தது.

சரி, நம்ம 2 மணிக்கு வருவோம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரித் தளங்களில் ப்ளஸ் ஓட்டில் இருந்து மைனஸ் ஓட்டைக் கழித்து, வருகிற எண்ணை வைத்து அடுக்குகிறார்கள். ஓட்டு சமமாக இருந்தால் வரிசையைக் குலுக்கிப் போடுகிறார்கள். புதிய ஓட்டுக்கு அதிக எடை தரும் வரிசையும் இப்போது உண்டு. ஆனால் நாம் ஓட்டுப் போடும்போது முந்தைய எண் கண் முன்னாலேயே இருக்கு, மன்னர் வழக்கு மாதிரி. 2013ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு தளத்தின் கமெண்டுகள் சிலவற்றுக்கு, எந்தக் காரணமும் இல்லாமல் ஆரம்பத்திலேயே ஒரு ப்ளஸ் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றின் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. ஒரே ஒரு ஓட்டு!

அந்த 400ல் எத்தனை பேர் கோடை ஓட்டிப் பார்த்திருப்பாங்க, எத்தனை பேர் நம்பரைப் பார்த்து அமுக்கியிருப்பாங்க? தளத்துக்கு அது தெரியாது. நமக்கு மட்டும்தான் நம்ம ஓட்டைப் பத்தித் தெரியும். அடுத்த தடவை மேல் அம்புக்குறியை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த கோடை ஒரு தடவை ரன் பண்ணிப் பாருங்க. நேரம் இருந்தா மூணு ஓட்டுப் பதில் வரைக்கும் இறங்கிப் படிங்க. சரியா இருந்தா அதுக்கு நாலாவது ஓட்டு உங்களோடதா இருக்கட்டும்.