ஆளுக்கு ஒரு வெள்ளி: தமிழவேள் கோ.சாரங்கபாணி

சுங்கை சோ: மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து வந்த பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. அங்கே தமிழுக்கு இடம் சும்மா கிடைத்துவிடவில்லை.

1903இல் திருவாரூரில் பிறந்த கோ.சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூர் வந்து ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதினார். 1935இல் தொடங்கிய தமிழ் முரசுதான் அவரை மலாயா முழுவதும் அறிய வைத்தது. சாதி பார்க்காதே என்று எழுதியவர், மணந்ததும் சீனப் பெண்ணைத்தான்.

1950களில் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கு இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற கருத்து எழுந்தது. இங்கு வாழும் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், ஆகவே தமிழே வேண்டும் என்று முரசில் விடாமல் எழுதினார் சாரங்கபாணி. 1956இல் துறை அமைந்தது, தமிழும் நிலைத்தது.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராத பாட்டாளிகளும் கொடுத்தார்கள். நாள் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அன்று ஒரு வெள்ளி சில்லறைக் காசல்ல. அந்தப் பணத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன.

சமய வேறுபாடின்றித் தமிழர் ஒன்றுகூட 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவரும் அவரே. பிறகு சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும்படி தமிழரை வற்புறுத்தினார். மனு நிரப்பத் தெரியாதவர்களுக்கு முரசு அலுவலகத்திலேயே உதவி கிடைத்தது.

1974 மார்ச் 16ஆம் நாள் அவர் மறைந்தார்.