நீதிக்காக நிமிர்ந்த எழுதுகோல்

எழுத்தால் புகழ் பெற்றோர் பலர். பெற்ற புகழை நீதிக்காகப் பணயம் வைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா. ஏழை பங்காளர் என்று அறிஞர் அண்ணா போற்றியதால் தமிழர்க்கும் அறிமுகமானவர்.

ஜோலா 1840-இல் பாரிசில் பிறந்தார். ஏழு வயது நிறையுமுன்னே பொறியாளரான தந்தையை இழந்தார். வறுமை குடும்பத்தைச் சூழ்ந்தது. பள்ளி இறுதித் தேர்வில் தோல்வியுற்ற அவர், புத்தக நிறுவனமொன்றில் சிப்பம் கட்டும் பணியில் சேர்ந்தார். அதே கைகளே பின்னாளில் 20 நாவல்கள் கொண்ட பெருவரிசையைப் படைத்தன. சுரங்கத் தொழிலாளரின் துயரை வடித்த ஜெர்மினல் 1885-இல் வெளிவந்தது. செல்வமும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்தன.

அக்காலத்தில் பிரான்சில் யூத வெறுப்பு நச்சுக்காற்றெனப் பரவி வந்தது. 1896-இல் ஜோலா பிகாரோ இதழில் அதனைக் கண்டித்து எழுதினார். ஆனால் பெருஞ்சோதனை இனிமேல்தான் வரவிருந்தது.

1894-இல் இராணுவக் கேப்டன் ஆல்பிரட் டிரைபஸ், ஜெர்மனிக்கு இரகசியங்களை விற்றதாகத் தண்டிக்கப்பட்டுச் சாத்தான் தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். எதிர்த்தரப்புக்குக் காட்டாத ஆவணங்களை நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்துப் பெற்ற தீர்ப்பு அது. டிரைபஸ் யூதர், சான்று குறைந்த இடத்தை வெறுப்பு நிரப்பியது. உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாசி என்பது 1896-இல் இராணுவத்துக்கே தெரிந்தும், 1898 ஜனவரி 11-இல் இராணுவ நீதிமன்றம் அவனை விடுவித்தது.

இரண்டே நாளில், நான் குற்றம் சாட்டுகிறேன் என்னும் தலைப்பில், குடியரசுத் தலைவருக்கு ஜோலா எழுதிய பகிரங்கக் கடிதம் லோரோர் நாளிதழில் வெளிவந்தது. தளபதிகளைப் பெயர் சுட்டியே சாடினார். எந்தச் சட்டப்படி தம்மீது அவதூறு வழக்குத் தொடரலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டார். இதில்தான் அவர் மதிநுட்பம் விளங்குகிறது. இராணுவம் மூடிய கதவுக்குள் புதைத்த வழக்கைப் பொது நீதிமன்றத்தின் வெளிச்சத்துக்கு இழுக்கத் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார்!

யூதர்க்கு எதிராகப் பல நகரங்களில் கலவரம் மூண்டது. ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டாலும் மறு விசாரணையிலும் தண்டனையே கிடைத்தது. அவர் இங்கிலாந்து சென்று மறைந்து வாழ்ந்தார். எனினும் மூட்டிய தீ அணையவில்லை. டிரைபசுக்கு எதிரான ஆவணமொன்று போலி என்பது 1898 ஆகஸ்டில் வெளிப்பட்டது. 1899-இல் ஜோலா தாயகம் திரும்பினார். அவ்வாண்டு நடந்த மறு விசாரணையிலும் இராணுவ நீதிமன்றம் டிரைபசைக் குற்றவாளி என்றே கூறியது. எனினும் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார்.

1902-இல், கணப்படுப்பின் நச்சுப்புகையால் ஜோலா உயிர் நீத்தார். டிரைபஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு 1906-இல்தான் வந்தது. அதனைக் கேட்க ஜோலா இல்லை. 1908-இல் அவர் உடல், பிரெஞ்சுச் சான்றோர் துயிலும் பாந்தியனில் வைக்கப்பட்டது.

டிரைபஸ் அவருக்கு உறவினர் அல்லர். ஒரே சமயத்தவரும் அல்லர். அநீதிக்கு ஆளானவர் என்ற ஒன்றே அவருக்குப் போதுமான உறவாயிற்று. மாணவ நண்பர்களே! ஓர் இனத்தின்மீது பழி சுமத்தப்படும்போது, சான்று எங்கே என்று கேட்கும் முதற்குரல் நம்முடையதாகட்டும்.