கலைவாணர் கிருஷ்ணன்

பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. அதனை 1940ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நிலநூல் வல்லுநர். அதே ஆண்டில் மற்றொரு கிருஷ்ணன், தம் மனைவியார் டி. ஏ. மதுரத்துடன் நவீன விக்கிரமாதித்தன் என்னும் ஹாஸ்யப் படத்தில் தோன்றினார். மரம் கல்லாகி நிலைத்தது. படத்தின் பெயரை அறிந்தோரும் இன்று அருகிவிட்டனர்.

என். எஸ். கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் எளிய குடியில் பிறந்தார். வில்லுப்பாட்டிலும், பின்னர் டி. கே. எஸ். சகோதரர் நாடகக் குழுவிலும் பயின்று, 1935இல் வெளிவந்த மேனகா வாயிலாகத் திரைக்கு வந்தார். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்வது அவர் வழக்கம். எவரையும் புண்படுத்தாது சிரிப்பூட்டுதல் அரிய வித்தையென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாலானது. வெள்ளியைப் பிரித்தெடுக்கும் பொருட்டு உருக்கப்பட்டனவும் பல. ஆதலின் அரியலூர்ச் சுண்ணாம்புக் குழிகளிற் கற்படிவம் தேடுவார் போல, பழம்பொருள் சேகரிப்போர் இத்தகைய படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் தேடி அலைகின்றனர். ஒரு வேடிக்கை! அப்புத்தகங்கள் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையிற் காணுமாறு பணிக்கும். திரையே அழிந்தவிடத்து முடிவை எங்ஙனம் அறிவது?

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் சிறைப்பட்டு, ஆயுள் தண்டனையும் பெற்றனர். மதுரம் அம்மையார் மனந்தளராது நாடகக் குழுவைக் காத்தார். பைத்தியக்காரன் என்னும் படமும் தொடங்கப்பெற்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில், 1947இல் இருவரும் குற்றமற்றவரென விடுதலையடைந்தனர். கிருஷ்ணன் அப்படத்திலேயே வந்து நடித்தார். பாகவதருக்கோ பழைய நாள் மீளவில்லை.

1949இல் வந்த நல்லதம்பியில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், நந்தனார் சரித்திரத்தின் போக்கை மாற்றி, தாழ்த்தப்பட்ட சிறுவனைக் கோயிலுக்கன்றிக் கல்விச்சாலைக்கு அனுப்புகின்றது. மாணவர் அவசியம் கேட்கத்தக்கது. அவர் கொடுத்தே வறியவரானவர்.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரி 14இல் நோயுற்றிருந்த அண்ணாதுரை திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே.